லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருக்கிறவனுக்கு "மெய்யான விடுதலை" என்றால் என்ன? (யோவான் 8:36)

பனிமூட்டம் (ஹட்டன்)

எங்க சபை வாலிபர் கூட்டத்துல பேசச் சொல்லியிருக்காங்க. கொடுத்த வசனம், "குமாரன் உங்களை விடுதலையாக்கினால் மெய்யாகவே விடுதலையாவீர்கள்." சின்ன வயசுலேருந்து மனப்பாடம். ஆனா கூட வேலை செய்யிற ஒருத்தன்கிட்ட இதைச் சொல்லப்போய் மாட்டிக்கிட்டேன். அவன் கேட்டது இதுதான்:

"1948ல நம்ம ஆளுங்களோட பிரஜாவுரிமையைப் பறிச்சாங்க. மிச்சம் இருந்தவங்களுக்கும் கிடைச்சது 2003ல ஒரு சட்டம் வந்த பிறகு. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கு 2021ல அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் வேண்டியிருந்துச்சு. காணி இன்னும் கைக்கு வரல. இதுல உங்க ஆண்டவர் உங்களை எதுலேருந்து விடுதலை பண்ணினார்?"

பாவத்துலேருந்துன்னு சொன்னேன். "அந்த விடுதலை தோட்டத் தொரைக்கும் ரொம்பப் பிடிக்குமே" என்று சிரிச்சான்.

இதுக்குப் பதில் தெரியாம மேடையில ஏற எனக்கு மனசில்ல. "ஆவிக்குரிய விடுதலை வேற, உலக விடுதலை வேற" என்று ரெண்டு வரியில முடிக்காம, கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க.

---

ஜெபவீடு (மஸ்கெலியா)

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். தம்பி, முதல்ல அந்த அதிகாரத்தை மேலேயிருந்து வாசிங்க. 33ஆம் வசனத்துல யூதர்கள் என்ன சொல்றாங்க? "நாங்கள் ஒருக்காலும் ஒருவனுக்கும் அடிமைகளாயிருக்கவில்லை." இதைச் சொல்றப்ப அவங்க தேசத்துல ரோமப் படை நிக்குது. அதுக்கு முன்னால எகிப்து, அசீரியா, பாபிலோன். அத்தனையையும் முழுங்கிட்டு வாய் கூசாம சொல்றாங்க. இயேசு ரோமைப் பத்தி அந்த இடத்துல ஒரு வார்த்தை எடுக்கல. "பாவஞ்செய்கிறவன் எவனும் பாவத்துக்கு அடிமையாயிருக்கிறான்" என்றார். ஏன்? ரோமன் நாளைக்கே போயிட்டாலும் இந்த அடிமைத்தனம் போகாது.

பவுல் இதைத் தன் மேலேயே வைச்சுப் பேசுறார்: "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்." இது புரியாதவன் நம்ம தோட்டத்துல யாராச்சும் உண்டா? எங்க அப்பா நல்ல மனுஷன். சம்பளம் வாங்கின அன்னைக்கு நேரா வீட்டுக்கு வரணும்னுதான் நினைப்பார். கால் தவறணைக்குப் போகும். மறுநாள் அழுவார். அவரைக் குடிக்கச் சொல்லி எந்தத் தொரையும் அடிக்கல. அவர் விடுபட்டது ஒரு ஜெபக்கூட்டத்துல. அதுக்குப் பிறகுதான் எங்க வீட்டுக்கு ஒரு மேசை வந்துச்சு.

விடுதலைன்னா நினைச்சபடி ஓடுறது இல்ல. பதுளை ரயில் தண்டவாளத்தில இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு ஓட சுதந்திரம். தண்டவாளத்தை விட்டு இறங்கினா பள்ளத்துல கிடக்கும். தேவனுடைய சித்தம் அந்தத் தண்டவாளம்.

---

ஊவா வாத்தியார் (பண்டாரவளை)

பாஸ்டர், யோவான் 8 பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் தகப்பனார் கதையையும். அந்த ரயிலை மட்டும் விட்டுவிடுங்கள்! அந்தத் தண்டவாளம் 1867இல் கண்டிக்கு வந்தது, 1924இல் பதுளைக்கு வந்தது. அதைப் போட்டவர்கள் யாருக்காகப் போட்டார்கள்? கோப்பியும் தேயிலையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்குவதற்காக. மலையகத்தில் நின்று "தண்டவாளத்தில் கிடப்பதே சுதந்திரம்" என்றால் தம்பியின் நண்பர் இன்னும் பலமாகச் சிரிப்பார்.

தம்பி, உங்கள் நண்பர் கேட்ட கேள்வி ஐந்நூறு வருடப் பழசு. 1520இல் மார்ட்டின் லூத்தர் கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதன் மையம் இரண்டு வாக்கியங்கள்: கிறிஸ்தவன் எல்லாவற்றுக்கும் மேலான சுதந்திர எஜமான், யாருக்கும் கீழ்ப்பட்டவன் இல்லை, கிறிஸ்தவன் எல்லாருக்கும் ஊழியக்காரன், எல்லாருக்கும் கீழ்ப்பட்டவன். முதலாவது விசுவாசத்தால், இரண்டாவது அன்பால். கடவுளிடம் நல்ல பெயர் வாங்க நான் இனி உழைக்க வேண்டியதில்லை, ஆகவே என் உழைப்பு அயலானுக்கு மிச்சமாகிறது என்பது அதன் சாரம். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது.

ஐந்து வருடம் கழித்து, 1525இல், தென் ஜெர்மனியின் பண்ணையடிமைகள் மெம்மிங்கன் நகரில் கூடிப் பன்னிரண்டு கோரிக்கைகள் எழுதினார்கள். மூன்றாவது கோரிக்கை: கிறிஸ்து தம் இரத்தத்தால் எங்கள் எல்லாரையும் மீட்டார், மேய்ப்பனையும் பிரபுவையும் ஒரே மாதிரி, ஆகவே எங்களைச் சொந்தச் சொத்தாக வைத்திருப்பது வேதத்துக்கு ஒத்துவராது. லூத்தர் என்ன பதில் எழுதினார் தெரியுமா? இது கிறிஸ்தவ சுதந்திரத்தை மாம்சத்துக்குரியதாக ஆக்குகிறது, ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தார்களே என்று. பிரபுக்களையும் அவர் கண்டித்தார், மறைக்கக் கூடாது. ஆனால் கலகம் மூண்டதும் அவர்களை வெட்டிச் சாய்க்கும்படி பிரபுக்களுக்கு எழுதியதும் அவரே. பல்லாயிரம் பேர் செத்தார்கள்.

என் முடிவு: சுதந்திரம் என்னவென்று லூத்தர் மிகச் சரியாகச் சொன்னார். அது எங்கே போய் நிற்கும் என்பதைக் குடியானவர்கள் அவரைவிடச் சரியாக வாசித்தார்கள்.

---

சிவந்தமண் (தலவாக்கலை)

நான் கோயிலுக்கும் போறதில்ல, சேர்ச்சுக்கும் போறதில்ல. தொழிற்சங்க வேலை. ஆனாலும் பனிமூட்டத்தோட நண்பன் பக்கம் ரெண்டு ஆதாரம் வைக்கிறேன்.

ஒண்ணு. 1807ல லண்டன்ல ஒரு வேதாகமம் அச்சடிச்சாங்க, மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்காக. எகிப்துலேருந்து ஜனம் வெளியேறுற கதையையே வெட்டி எடுத்துட்டுத்தான் கொடுத்தாங்க. கீழ்ப்படியச் சொல்ற வசனமெல்லாம் பத்திரமா இருந்துச்சு. உங்க புத்தகத்துல எது ஆபத்தான பகுதின்னு அவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

ரெண்டு. நம்ம பக்கத்துல 1854ல தமிழ்க் கூலி மிஷன் ஆரம்பிச்சப்ப காசு கொடுத்ததுல தோட்டத் தொரைமாரும் உண்டு. பள்ளிக்கூடம் வந்துச்சு, எழுத்து வந்துச்சு, அதை நான் மறுக்கல. ஆனா சம்பளம் கொடுக்கிறவனே பிரசங்கத்துக்கும் காசு கொடுத்தா, பிரசங்கி எந்த விடுதலையைப் பேசுவான்? டிக்கோயாவுல வார்லி கிறிஸ்தவக் கோயிலைப் பாருங்க, 1878ல கட்டினது, அழகுன்னா அழகு. அது யாருக்குன்னு கட்டினாங்க? "வேலைக்காரரே, கீழ்ப்படியுங்கள்" கொலோசெயர் 3:22. அதுக்கு நாலு வசனம் தள்ளி 4:1, "எஜமான்களே... வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்." முதல் வசனத்தைத் தோட்டத்துல எத்தனை தடவை கேட்டிருக்கீங்க, ரெண்டாவதை எத்தனை தடவை?

---

ஜெபவீடு

அண்ணே, 4:1ஐ நான் பிரசங்கிச்சிருக்கேன். கேட்கத்தான் தொரை வரல.

---

சிவந்தமண்

:) அதுக்கு ஒரு லைக்.

---

ஊவா வாத்தியார்

சிவந்தமண் கொலோசெயரை எடுத்ததால் அதே நிருபத்தில் கொஞ்சம் முன்னால் போவோம். 2:14. "நமக்கு எதிரிடையாகவும் கட்டளைகளால் நமக்கு விரோதமாகவும் இருந்த கையெழுத்தைக் குலைத்து, அதை நடுவிலிராதபடிக்கு எடுத்து, சிலுவையின்மேல் ஆணியடித்து." இங்கே பவுல் மனதில் வைத்திருப்பது கடன் சீட்டு.

இந்த வசனத்தை நம் பாட்டன் பூட்டன்மாரைவிட நன்றாக யார் விளங்கியிருப்பார்கள்? இளையவர்களுக்காகச் சொல்கிறேன். கங்காணி (ஆள் சேர்த்து வேலை வாங்கியவர்) தமிழ்நாட்டு ஊரில் முற்பணம் கொடுத்துக் கூட்டிவருவார். கப்பல் செலவு, வழிச்சோறு, கம்பளி எல்லாம் கணக்கில் ஏறும். தோட்டத்துக்கு வந்து சேரும்போதே கடன்காரன். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் "துண்டு" வேண்டும். இன்னாருக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆளை விடலாம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். எடுத்ததும் கடன் தீர்ந்துவிடுமா? இல்லை, புதுப் புத்தகத்தில் அவன் பெயரில் ஏறும். ஆள் கை மாறினான், சீட்டு அவனோடேயே நடந்தது. 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டு முறையை எடுத்தார்கள்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. நல்ல எஜமான் கிடைத்தால் போதும் என்பது துண்டு முறை. அங்கே விடுதலை என்பது தோட்டம் மாறுவது. பவுல் சொல்வது வேறு: விலை கொடுத்து எடுத்தவர் சீட்டைத் தன் புத்தகத்துக்கு மாற்றவில்லை, கிழித்தே விட்டார். இனி நீ அவரிடம் இருப்பது கடனுக்காக இல்லை. ஓடிப்போகலாம். ஓடாமல் இருக்கிறாய் என்றால் அதற்குப் பெயர் அன்பு.

இரண்டாவது, தம்பியின் நண்பருக்கான பதில். 1 கொரிந்தியர் 7:23: "நீங்கள் கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள்; மனுஷருக்கு அடிமைகளாகாதிருங்கள்." ஒரே மூச்சில் இரண்டும் வருகிறது. உன்னை வாங்கியாகிவிட்டது, ஆகவே இன்னொரு மனிதன் உன்னை வாங்க முடியாது. "ஆவிக்குரிய விடுதலை, ஆகவே சும்மா இரு" என்று பவுலைத் திருப்புகிறவர்கள் இந்த "ஆகாதிருங்கள்" என்ற கட்டளையை என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வசனம் முன்னால் அடிமைக்கு "கவலைப்படாதே" என்றவர், உடனே "நீ சுயாதீனனாகக்கூடுமானால் அதை நலமென்றெண்ணிக்கொள்" என்றும் சொல்கிறார். வழி திறந்தால் போ என்கிறார். திறக்காவிட்டாலும் உன் மதிப்பு குறையவில்லை என்கிறார்.

---

கொழுந்துக்காரி (பொகவந்தலாவை)

சேர், துண்டு கதை எங்க ஆத்தா சொல்லிக் கேட்டிருக்கேன், இப்படி வேதத்தோட சேர்த்து யாரும் சொன்னதில்ல. நன்றி.

ஆனா எனக்கு வேற ஒரு குறை இருக்கு. மேல லூத்தரோட ரெண்டாவது வரி வந்துச்சே, "எல்லாருக்கும் ஊழியக்காரன்." கலாத்தியர் 5:13லயும் அதேதான், "அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்." இந்த வசனத்தைச் சபையில யாரைப் பார்த்துச் சொல்றாங்க? பொம்பளைங்களைப் பார்த்து. விடியக் காலையில எழும்பி ரொட்டி தட்டி, பிள்ளையைப் புள்ளமடுவத்துல (பிள்ளைக் காப்பகத்துல) விட்டு, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடி, மலையில அட்டைக்கடியோட நின்னு, கிலோ குறைஞ்சா அரைப்பேர் (பாதி நாட்சம்பளம்) வாங்கி, வந்து திரும்ப அடுப்பு. ஞாயித்துக்கிழமை சேர்ச்சுல போய் உட்கார்ந்தா "ஊழியஞ்செய்ய விடுதலையாக்கப்பட்டீர்கள்." ஐயா, ஊழியம் நாங்க பிறந்ததுலேருந்து செய்யிறோம். எங்களுக்கு அது புதுச் செய்தியே இல்ல. உட்காரச் சொல்ற செய்தி ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க.

---

பனிமூட்டம்

அக்கா, இது நான் யோசிக்காத பக்கம். "ஒருவருக்கொருவர்" என்ற வார்த்தையை நாங்க எல்லாரும் தாண்டிப் போயிடுறோம்.

---

அடிசம் ரோட் (ஹப்புத்தளை)

சகோதரி கேட்டதுக்கு என்னால முடிஞ்சது. நான் கத்தோலிக்கன்.

இயேசு கால் கழுவின இடத்தைப் பாருங்க. கழுவினது யார்? அந்த அறையிலேயே மேல இருந்தவர். "ஆண்டவரும் போதகருமாகிய நானே உங்கள் கால்களைக் கழுவினதுண்டானால்" என்று தன் பதவியைச் சொல்லிட்டுத்தான் சொல்றார். பேதுரு கால் கழுவல, கழுவ விட்டார். அதுவே அவருக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஏற்கெனவே குனிஞ்சு கிடக்கிறவங்களைப் பார்த்து இன்னும் குனியச் சொன்ன கதை இல்ல அது. மார்த்தாள் வீட்டுலயும் மரியாள் உட்கார்ந்திருந்தா. உட்கார்ந்ததுக்காகத்தான் பாராட்டினார். நீங்க கேட்ட செய்தி அதுன்னு நினைக்கிறேன்.

பணிவிடை விடுதலையா ஆகணும்னா, வேண்டாம்னு சொல்ல வழி இருக்கணும். எங்க ஊர் அடிசம் மாளிகை இருக்குல்ல, 1931ல தோமஸ் வில்லியர்ஸ் தொரை கட்டினது. இப்ப அங்க பெனடிக்ட் சபைத் துறவிகள். சுற்றுலா வர்றவங்க ஜாம் போத்தல் வாங்கிட்டுப் போவாங்க. அங்க இருக்கிறவங்களுக்குச் சொந்தக் காசு கிடையாது, கல்யாணம் கிடையாது, மணி அடிச்சா எழும்பணும். வெளியிலேருந்து பார்த்தா லயத்தைவிடக் கட்டுப்பாடு. ஆனா அந்த வாக்குறுதியை அவங்களா கொடுத்தாங்க. லயத்துக் கட்டுப்பாட்டை யாரும் கையெழுத்துப் போட்டு வாங்கல, அதுல பிறந்தாங்க. ரெண்டையும் ஒரே தட்டுல வைச்சு "பார், அடக்கம்தான் விடுதலை" என்று சொல்றது அநியாயம்.

புனித அகுஸ்தீன் சொன்னது ஒண்ணு இருக்கு: நல்லவன் அடிமையா இருந்தாலும் சுதந்திரன், கெட்டவன் அரசனா இருந்தாலும் அடிமை, அதுவும் தன் துர்க்குணம் எத்தனையோ அத்தனை எஜமானுக்கு. ரெண்டாவது பாதியைத் துரைமார் பங்களாவுலதான் முதல்ல வாசிச்சிருக்கணும். முதல் பாதியை மட்டும் நமக்கு வாசிச்சாங்க. அதுக்கு முன்னாலேயே 4ஆம் நூற்றாண்டுல நீசா கிரகோரி என்ற ஆயர் ஒரு பிரசங்கத்துல நேரா கேட்டார்: கடவுளின் சாயலுக்கு நீ என்ன விலை போட்டாய், எத்தனை காசு எண்ணிக் கொடுத்தாய் என்று.

---

அடிசம் ரோட்

தொடர்ச்சி. சிவந்தமண் அண்ணன் சொன்ன தமிழ்க் கூலி மிஷன் காலத்தோட கதை முடியல. 1972ல பதுளை மறைமாவட்டம் பிரிஞ்சப்ப, கண்டியில ஆயரா இருந்த லியோ நாணயக்கார அங்க போய் முதல் ஆயரானார். அவரும் ஒரு பெனடிக்ட் துறவி. சிங்களவர். அதே வருஷம் கண்டியில இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் சத்தியோதயாவைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒரே கூரைக்குக் கீழ இருந்து, தோட்டத் தொழிலாளரோட உரிமையைப் பேசின இடம். அவங்க பாவத்தைப் பத்திப் பேசாம இருக்கல. பாவம் ஆளுக்குள்ள மட்டும் இல்ல, சம்பளப் புத்தகத்துலயும் சட்டத்துலயும் இருக்குன்னு சொன்னாங்க. வத்திக்கான் 1984ல விடுதலை இறையியலை (ஒடுக்கப்பட்டவங்க விடுதலையை மையமா வைச்ச இறையியலை) எச்சரிச்சது, 1986ல இன்னொரு அறிக்கை வெளியிட்டு விடுதலையைப் பத்தி விரிவா விளக்கிச்சு: வேரான அடிமைத்தனம் பாவம், ஆனா அதுலேருந்து முளைச்ச அநீதியான அமைப்புகளையும் மாத்தணும்னு. வேரை மட்டும் பேசுறவங்களும் இலையை மட்டும் பேசுறவங்களும் அந்த அறிக்கையைப் பாதிதான் வாசிப்பாங்க.

---

சிவந்தமண்

கஸ்பர்ஸ் பாதிரியார் பேரை எடுத்தா நான் சண்டை போட மாட்டேன். ஆனா ஒண்ணு. அப்படிப்பட்ட ஆளுங்களை எண்ணிடலாம். மிச்சப் பேரெல்லாம் எங்க?

பாஸ்டர் அப்பா கதைக்கும் ஒரு கேள்வி. குடி நிறுத்தினது நல்லதுதான். ஆனா குடிக்காத தொழிலாளி கம்பெனிக்கும் லாபம்தானே. நேரத்துக்குப் பெரட்டுக்கு வருவான், சத்தம் போட மாட்டான்.

---

ஜெபவீடு

அண்ணே, சத்தம் போட மாட்டான்னு யார் சொன்னது? குடிச்சிருந்த வரைக்கும் எங்க அப்பா சம்பளச் சீட்டைப் பார்த்ததே இல்ல. பார்க்கப் பயம். முற்பணம் இவ்வளவு, சந்தா இவ்வளவு, தேயிலைத்தூள் இவ்வளவுன்னு கழிச்சது போக கையில எதுவும் நிக்காது, பாதி கடனும் அவரே வாங்கினது. கணக்குப்பிள்ளைகிட்டப் போய்க் கேட்க முகம் ஏது? விட்ட பிறகுதான் சீட்டைக் கையில எடுத்தார். எங்க அக்காவை வாசிக்கச் சொன்னார். ஒரு மாசம் பேர் (வேலை நாள் கணக்கு) குறையுதுன்னு கண்டுபிடிச்சு ஆபீஸ் வாசல்ல போய் நின்னார். அன்னைக்கு அவர்கூட உங்க சங்கத்து ஆள் யாரும் வரல, அதையும் சொல்லிடுறேன்.

நான் அரசியல் பேசுறவன் இல்ல. ஆனா உள்ளே விடுபட்டவன் வெளியில தலை குனிஞ்சே இருப்பான்னு நான் சொல்லவும் இல்ல. மோசேக்கு முதல்ல எரியுற முட்செடி, பிறகுதான் பார்வோன் அரண்மனை. வரிசையை மாத்தாதீங்கன்னுதான் சொல்றேன்.

---

சிவந்தமண்

சங்கத்தைப் பத்தின அடி வாங்கிக்கிறேன். வரிசை விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். செங்கல் அறுக்கிற ஜனம் கூப்பாடு போட்டது முதல்ல. அதைக் கேட்டுத்தான் முட்செடி எரிஞ்சுது. உங்க புத்தகத்துலதான் இருக்கு.

---

ஊவா வாத்தியார்

யாத்திராகமம் 2:23, 3:7. சிவந்தமண் சரியாகத்தான் சொல்கிறார். பாஸ்டர், கோயிலுக்குப் போகாதவர் நம்மைவிட நன்றாக வாசிக்கிறார்!

---

நமனை அஞ்சோம் (மாத்தளை)

சைவக் குடும்பத்தவன். அமைதியா வாசிச்சிட்டு இருந்தேன். பவுல் தன்னைக் "கிறிஸ்துவின் அடிமை" என்று சொல்றது உங்க ஆட்களுக்கே விளக்கம் தேவைப்படுற மாதிரித் தெரியுது. எங்களுக்கு அது புதுசில்ல. பல்லவ அரசன் ஆள் அனுப்பினப்ப அப்பர் பாடினது எல்லாருக்கும் தெரியும்: "நாமார்க்கும் குடியல்லோம் நமனை யஞ்சோம்." மேடைகள்ல இந்த முதல் வரியோட நிறுத்திடுவாங்க. அடுத்த வரிகள்ல காரணத்தைச் சொல்றார்: யாருக்கும் குடியல்லாத சங்கரனுக்கு நாங்க "மீளா ஆளாய்" ஆயிட்டோம். திரும்பி வராத அடிமை. ஒருத்தனுக்கு முழுசா ஆளானதால வேற எவனுக்கும் ஆள் இல்ல. அரசன் கூப்பிட்டா வர மாட்டேன் என்ற தைரியம் அங்கேயிருந்து வருது.

இதுக்கும் உங்க 7:23க்கும் என்ன வித்தியாசம்? சண்டைக்குக் கேட்கல.

---

பனிமூட்டம்

ஐயா, பள்ளிக்கூடத்துல படிச்ச பாட்டு. இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்ல. ஒத்துமை பெரிசு, மறுக்க மாட்டேன். எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம்: அப்பரோட இறைவன் யாருக்கும் குடியல்லாதவர், அந்தத் தன்மை அடியாருக்கும் வருது. பவுல் பேசுற ஆண்டவர் பிலிப்பியர் 2ல தானே அடிமையின் ரூபம் எடுத்து, ரோமன் கையால அடிமைக்குரிய சாவு சாகிறார். சிலுவை முக்கியமா அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் கொடுத்த தண்டனை. அதனால அவருக்கு ஆளாகிறதுன்னா மேல இருக்கிறவர் பக்கம் சேர்றது மட்டும் இல்ல, கீழ இருக்கிறவங்க பக்கமும் சேர்றது.

சரியாச் சொன்னேனான்னு வாத்தியார் ஐயா பார்க்கணும்.

---

ஊவா வாத்தியார்

நீங்களே பேசலாம், நான் எதற்கு. கூட்டத்தில் இதைத்தான் முதலில் சொல்லுங்கள்.

---

நமனை அஞ்சோம்

நியாயமான பதில். எங்க பக்கமும் கீழ இறங்கின கதை உண்டு, பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி பட்ட கதை. இன்னொரு இழையில பேசுவோம்.

---

பசறைப் பையன்

எல்லாரும் பெரிய விஷயம் பேசுறீங்க, எனக்குச் சின்ன விஷயம். எங்க லயத்துல ரெண்டு வீடு மட்டும்தான் சபைக்குப் போறது. பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா தூக்குச்சட்டியில கொண்டுவருவாங்க. அம்மா சிரிச்சுக்கிட்டே வாங்கி, அவங்க போனதும் கோழிக்குப் போட்டுருவாங்க. எனக்குக் காமன் கூத்துல தப்பு மேளம் அடிக்கப் பிடிக்கும், ஞானஸ்நானம் எடுத்ததும் விடச் சொன்னாங்க, விட்டேன். தங்கச்சி கம்மலைக் கழட்டச் சொன்னாங்க, அழுதுகிட்டே கழட்டினா. மெய்யான விடுதலைன்னு பாட்டுப் பாடுறோம். எனக்கு முன்னைவிட இப்பதான் சட்டம் கூடிப்போன மாதிரி இருக்கு.

---

ஊவா வாத்தியார்

தம்பி, இது சின்ன விஷயமே இல்லை. கலாத்தியர் நிருபம் எழுதப்பட்டதே இதற்காகத்தான். கிறிஸ்து மட்டும் போதாது, விருத்தசேதனமும் வேண்டும் என்று சிலர் வந்து சொன்னார்கள். அதற்குத்தான் பவுல் கோபப்பட்டு "மறுபடியும் அடிமைத்தனத்தின் நுகத்துக்குட்படாமல்" என்றார். அந்த நுகம் ரோம அரசு போட்டதும் இல்லை, குடிப்பழக்கம் போட்டதும் இல்லை. பக்தியுள்ளவர்கள் சபைக்குள்ளேயே போட்டது. கம்மல் கழற்றியதால் யாரும் கடவுளுக்குக் கிட்டப் போகவில்லை. விருப்பப்பட்டுக் கழற்றினால் அது வேறு. அழுதுகொண்டு கழற்றினால் கழற்றச் சொன்னவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

---

ஜெபவீடு

வாத்தியார் சேர், கம்மலை விட்டுடுறேன், அதுல நான் பிடிவாதமா நிக்க மாட்டேன். பொங்கல் சோறு அப்படியில்ல. 1 கொரிந்தியர் 10:21, கர்த்தருடைய பந்திக்கும் பேய்களுடைய பந்திக்கும் பங்குள்ளவர்களா இருக்க முடியாது.

---

ஊவா வாத்தியார்

ஆறு வசனம் தாண்டி 10:27ஐயும் வாசியுங்கள் பாஸ்டர். "அவிசுவாசிகளில் ஒருவன் உங்களை விருந்துக்கு அழைக்கும்போது, போக உங்களுக்கு மனதிருந்தால்... உங்கள்முன் வைக்கப்படுகிற எதையும் புசியுங்கள்." பலிபீடத்தில் போய் உட்காருவது ஒன்று, அயல் வீட்டு மேசையில் உட்காருவது இன்னொன்று. பவுல் இரண்டையும் பிரிக்கிறார். இது படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடு என்கிறார். என் மனச்சாட்சிக்காக இல்லை, மற்றவருடையதற்காக. சாப்பிடவும் எனக்கு உரிமை உண்டு, பலவீனமான சகோதரனுக்காக விடவும் உரிமை உண்டு. 1 கொரிந்தியர் 8 முழுவதும் இந்தக் கணக்குத்தான். சாப்பிட்டே தீருவேன் என்பவனும் சாப்பிட்டால் நரகம் என்பவனும் சோற்றுக்கு அடிமை.

---

நமனை அஞ்சோம்

அந்தப் பெரியம்மா கோழிக் கூட்டுப் பக்கம் ஒருநாள் வந்தா என்ன ஆகும்னு யாராச்சும் யோசிச்சீங்களா?

---

கொழுந்துக்காரி

அதான். ஒரே பீலியில தண்ணி பிடிக்கிறோம், பிரசவ வலி வந்தா ராத்திரி கதவைத் தட்டுறது அந்தப் பெரியம்மா வீட்டைத்தான். வேண்டாம்னா மூஞ்சியைப் பார்த்து மரியாதையாச் சொல்லுங்க, "எங்க வழக்கத்துல இல்ல பெரியம்மா, அடுப்புலேருந்து நேரா எடுத்து வைச்சா சாப்பிடுறோம்"னு. எங்க லயத்துல அப்படித்தான். படைக்கிறதுக்கு முன்னாலயே எங்களுக்குன்னு ஒரு சட்டி எடுத்து வைப்பாங்க. கிறிஸ்மஸ் கேக்கு அங்கேயும் போகும். வாங்கிக் கோழிக்குப் போடுறதுல விடுதலையும் இல்ல, உண்மையும் இல்ல.

---

ஜெபவீடு

சகோதரி சொன்னது எனக்குச் சம்மதம். பசறைத் தம்பி, அம்மாகிட்டப் பேசுங்க. தப்பு மேள விஷயத்தை நான் இன்னும் யோசிக்கணும். காமனுக்கு அடிக்கிறதுக்குப் பதில் சபையில அடிச்சா என்னன்னு எங்க மூப்பர்கள்கிட்டக் கேட்கப் போறேன். திட்டு விழும்.

---

மட்டுறுத்துநர்

இடையில வந்த மதமாற்ற வாக்குவாதப் பதிவுகள் நீக்கப்பட்டன. அதுக்குத் தனி இழை இருக்கு.

---

பனிமூட்டம்

எல்லாருக்கும் நன்றி. என் பேச்சை இப்படி வைச்சிருக்கேன்: யோவான் 8ல ஆரம்பிச்சு, "நாங்க அடிமையா இருந்ததே இல்ல" என்ற பொய்யைச் சொல்லி, துண்டுச் சீட்டுக்கு வந்து, கொலோசெயர் 2:14, அங்கேயிருந்து 1 கொரிந்தியர் 7:23. லூத்தரையும் குடியானவங்களையும் நேரம் இருந்தா சொல்வேன். கேட்டவனையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கேன். "காணியைப் பத்திப் பேசுவியா?" என்றான். "மனுஷருக்கு அடிமைகளாகாதிருங்கள் என்ற இடத்துல வரும்" என்றேன். வர்றதாச் சொல்லியிருக்கான்.

---

சிவந்தமண்

கேள்வி நேரம் வைங்க தம்பி. இல்லாட்டி அவன் கேட்டதைக் கேட்காமத் திரும்பிடுவான். எனக்கும் ஒரு கதிரை போடுங்க.

---

கொழுந்துக்காரி

நானும் மகளைக் கூட்டிட்டு வாறேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கிறேன். போன கூட்டத்துல நாங்க அஞ்சு பொம்பளைங்க பின்னால நின்னு தேத்தண்ணி ஊத்தி முடிக்கிறதுக்குள்ள பேச்சே முடிஞ்சிருச்சு, ஒரு வார்த்தை கேட்கல. இந்தத் தடவை யார் ஊத்துறது?

---

பனிமூட்டம்

வாலிபப் பையன்க. நானும்தான். கேத்தலும் கிளாசும் முந்தின நாளே எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். நீங்க முன் வரிசையில உட்காருங்க.